ஒரு பவுன் பொன்னுக்குள் ஒரு பேரரசு

தீபாவளி நெருங்கிவிட்டால் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலுள்ள நகைக்கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. கடைக்காரர் கிராம் கணக்கில் விலை சொல்வார். எதிரே நிற்கும் அம்மாவோ, "அது எத்தனை பவுன் வரும் தம்பி?" என்று கேட்பார். பதில் கிடைத்ததும் சங்கிலியைத் திருப்பிப் பிடித்து, 916 முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் இதே காட்சிதான்.

அந்த அம்மாவின் வாயில் வரும் 'பவுன்' என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆங்கிலேயரின் 'பவுண்ட்' தமிழில் பவுன் ஆனது. பவுண்டுக்கு மூலம், எடை என்று பொருள்படும் 'பொண்டோ' என்ற லத்தீன் சொல். ரோமானியர் தங்கள் ராத்தலை 'லிப்ரா' என்றனர். பிரிட்டிஷ் பவுண்டைக் குறிக்கும் அடையாளம்கூட அந்த லிப்ராவின் முதல் எழுத்துதான்.

வியப்பு சொல்லோடு நிற்கவில்லை. இன்று நாம் சொல்லும் ஒரு பவுன் ஏறக்குறைய 8 கிராம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரியை ஆண்ட அகஸ்டஸ் சீசர் வெளியிட்ட 'ஆரியஸ்' பொற்காசின் எடையும் ஏறத்தாழ அதேதான்! இது தற்செயலான ஒற்றுமையாக இருக்கலாம். ஆனால் அந்தக் காசைத் தமிழர்கள் கையில் வாங்கி எடை பார்த்தார்கள் என்பது வரலாறு.

மிளகுக்குப் பொன்

யவனர்களின் கப்பல்கள் முசிறித் துறைக்குப் பொன் கொண்டு வந்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூறு 149-ஆம் பாடல் சொல்கிறது. ரோமானியரும் இதைப் பதிவு செய்துள்ளனர். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று முதலாம் நூற்றாண்டு எழுத்தாளர் பிளினி குறைப்பட்டுக்கொண்டார். பெண்களின் ஆபரண ஆசையால் ரோமின் செல்வம் அந்நியரிடம் போகிறதே என்று கி.பி. 22-இல் பேரரசர் திபேரியஸ் செனட் சபைக்கே எழுதினார்.

கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களில் மண்ணுக்குள்ளிருந்து ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன. அவற்றில் மிகுதியாக இருப்பவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இருவரின் காசுகள். பின்னால் வந்த மன்னர்களின் வெள்ளிக் காசுகள் ஏன் அரிதாயின?

நீரோ கை வைத்த இடம்

கி.பி. 64-இல் ரோம் நகரம் தீப்பற்றி எரிந்தது. அந்தக் காலக்கட்டத்தில்தான் நீரோ மன்னன் நாணயத்தில் கை வைத்தான். ஒரு ராத்தல் பொன்னில் 40 காசு அடித்த இடத்தில் 45 அடிக்கப்பட்டது. ஒரு ராத்தல் வெள்ளியில் 84 'தினாரியஸ்' காசுகள் அடித்தது போய் 96 ஆனது. வெள்ளியின் தூய்மையும் குறைக்கப்பட்டது. காசில் மன்னன் முகம் அப்படியேதான் இருந்தது. மதிப்பும் மாறவில்லை என்றே அரசு சொன்னது.

ரோம் நகரத்துக் கடைக்காரர் மன்னனின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர். முசிறியில் மிளகு விற்றவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவருக்கு வேண்டியது உலோகமே தவிர முகமல்ல. நல்ல பழைய காசையே அவர் விரும்பினார் என்பதைத்தான் அந்தக் குவியல்கள் காட்டுகின்றன.

1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மன்னனின் தலைமீது உளியால் வெட்டப்பட்டிருந்தது. தேய்ந்து எடை குறைந்த காசுகள் மறுபடியும் காசாகப் புழங்காமல் இருக்கவே இப்படி வெட்டினார்கள் என்பது நாணய ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று. உலகை நடுங்க வைத்த சீசர்களின் முகத்தில் உளி வைக்க இங்கே யாரும் அஞ்சவில்லை!

பொன்னை உரைத்துப் பார்க்கும் இந்தத் தொழில் கடல் தாண்டியும் வந்தது. தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் உள்ள குளோங் தோமில் ஓர் உரைகல் கண்டெடுக்கப்பட்டது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறிக்கப்பட்டுள்ளது. காலம் கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டு. 'பத்தர்' என்று இன்றும் பொற்கொல்லரை அழைக்கும் நமக்கு அந்தப் பெயர் அந்நியமாகப் படாது. நாம் வாழும் இதே தீபகற்பத்தில் நம்மவர் ஒருவர் விட்டுச் சென்ற தொழிற்கருவி அது.

ஆணையும் அளவும்

நீரோ காட்டிய வழியில் பின்வந்தவர்கள் துணிந்து நடந்தார்கள். 260-களின் முடிவில், வெள்ளிக் காசு என்ற பெயரில் வந்ததில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. விலைவாசி ஏறியது. கி.பி. 301-இல் டயோக்ளீஷியன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் கூலிகளுக்கும் உச்சவரம்பு விதித்தார். மீறினால் மரண தண்டனை! பலன் என்ன? சரக்குகள் சந்தையிலிருந்து மறைந்தன என்று அக்காலத்தில் வாழ்ந்த லக்டான்சியஸ் எழுதி வைத்துள்ளார்.

அவருக்குப் பின் வந்த கான்ஸ்டன்டைன் மிரட்டவில்லை. ஒரு ராத்தல் பொன்னில் சரியாக 72 காசு என்று 'சொலிடஸ்' நாணயத்தை வெளியிட்டார். எடை சுமார் நாலரை கிராம். கிழக்கு ரோமாபுரி 11-ஆம் நூற்றாண்டு வரை, ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள், அந்த அளவைக் காப்பாற்றியது. அரபு கலீபாக்கள் தங்கள் பொற்காசை அதைப் பார்த்தே உருவாக்கினர். 'தினாரியஸ்' என்ற ரோமானியப் பெயரே 'தினார்' ஆயிற்று. 2010-இல் கிளந்தான் மாநில அரசு வெளியிட்ட 4.25 கிராம் தினார் வரை அந்தப் பெயர் தொடர்ந்து வந்திருக்கிறது.

வாழைமர நோட்டு

இதெல்லாம் ரோமாபுரிக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் பாட்டன்மார் இதே கதையை மூன்றரை ஆண்டுகள் வாழ்ந்தே பார்த்தவர்கள்.

1942 ஜனவரியில் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமானது. வாழைமரப் படம் போட்ட புதிய பத்து வெள்ளி நோட்டு வந்தது. போகப் போக நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். நீரோவாவது பொன்னைக் குறைத்தான்; இங்கே குறைக்கப் பொன்னே இல்லை. அரிசி விலை எட்டாத உயரத்துக்குப் போனது. தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கே சோறானது. 1945-இல் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தது. தகரப் பெட்டியில் சேர்த்து வைத்த கூலி ஒரே நாளில் வெறும் காகிதமானது.

கடன் கொடுத்தவர் கதையும் சோகம்தான். போருக்கு முன்பு நல்ல வெள்ளியாகக் கொடுத்த கடனை வாழைமர நோட்டில் திருப்பிக் கட்டினார்கள். செட்டியார்கள் பெரும் இழப்பைச் சந்தித்தனர். கடன் வாங்கியவர் செய்தது தவறா? சந்தையில் வேறு பணமே இல்லாதபோது அவர் எதைக் கொடுப்பார்? இந்த வழக்குகளைத் தீர்க்க 1948-இல் மலாயாவில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. பணத்தைக் கெடுத்தவன் போய்விட்டான். அண்டை வீட்டார் இருவர் நீதிமன்றத்தில் நின்றார்கள்.

அந்த நாள்களில் குடும்பத்தைக் காத்தது எது? காதிலும் கழுத்திலும் கிடந்த பொன்தான். தோடு விற்று அரிசி வாங்கிய பாட்டிமார்கள் தங்கள் பேத்திகளுக்குச் சொன்ன பாடம், 'ஒரு பவுனாவது கையில் இருக்கட்டும்' என்பதே. நகை மோகம் என்று எளிதாகக் கேலி செய்கிறோம். அந்த மோகத்துக்குப் பின்னால் ஒரு பயமும் இருக்கிறது.

அதற்காகப் பொன் ஒன்றே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. கழுத்தில் கிடக்கும் பொன் பள்ளிக்கட்டணம் கட்டாது, விற்றால்தான் உதவும். விற்கப் போகும் நாளில் விலை இறங்கியும் இருக்கலாம். மாதச் சம்பளமும் சேமநிதியும் வெள்ளியில்தான் வருகின்றன. அந்த வெள்ளியின் மதிப்பு ஆள்வோரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று கட்டி வைத்ததும், 2005 ஜூலையில் அதை அவிழ்த்ததும் அரசு எடுத்த முடிவுகளே. அவை ஒவ்வொரு வீட்டுச் சமையலறையையும் தொட்டன.

அகஸ்டஸ், நீரோ, கான்ஸ்டன்டைன் மூவருமே நாணயச் சீர்திருத்தம்தான் செய்தார்கள். ஒருவர் அளவை வகுத்தார், ஒருவர் அதைக் குறைத்தார், ஒருவர் மீண்டும் நிலைநாட்டினார். எது நல்ல சீர்திருத்தம் என்பதை அவர்கள் காசில் பொறித்த முகமும் பட்டமும் முடிவு செய்யவில்லை. முசிறியில் காசை எடை போட்ட வணிகர் முடிவு செய்தார்.

அடுத்த முறை கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஓர் அம்மா சங்கிலியைத் திருப்பி 916 தேடினால், அவசரப்படாமல் சற்றே ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் அது. அந்தப் பரிசோதனையில் தேறாமல் போனவர்களில் சீசர்களும் உண்டு.