கோட்டில் ஒரு பறவை, புள்ளியில் ஒரு பறவை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள மெரிடன் நகரில், 1860-களின் பிற்பகுதியிலிருந்து இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகளைச் செய்துவந்தது பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம். 1934-இல் அது ரெமிங்டன் வசம் போனது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உற்பத்தி நிற்கும்வரை சுமார் 2,40,000 துப்பாக்கிகள் வெளிவந்தன. இத்தாலியில் பிரெஷா நகருக்கு வடக்கே உள்ள கார்டோனே, பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிக் கொல்லர்கள் வாழும் ஊர். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே ‘புலினோ’ என்ற நகாசு வேலை உச்சம் தொட்டது. எஃகில் வேட்டைப் பறவையைச் செதுக்குவதுதான் இரு ஊர்க்காரர்களுக்கும் வேலை. ஆனால் இரண்டு பறவைகளும் வேறு வேறு.

பார்க்கர் துப்பாக்கியின் விலை ஏற ஏறச் செதுக்கு வேலையும் கூடும். ‘வி’ தரத்தில் ஓரக்கோடுகளோடு சரி. ‘ஜி’ தரத்தில் எளிமையான பறவைகள் வரும். ‘டி’ தரத்தில் வேட்டை நாயும் புல்வெளியும் சேர்ந்துகொள்ளும். கைவேலை என்பதால் ஒரே தரத்தைச் சேர்ந்த இரண்டு துப்பாக்கிகளில்கூடப் பறவைகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றில் வாத்தின் கழுத்து நீண்டிருக்கும். இன்னொன்றில் உடல் பருத்திருக்கும்.

பார்க்கர் பறவை சிற்றுளியைச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டியது. உடலைச் சுற்றி ஒரு வெட்டுக்கோடு, இறக்கைக்கு வரிசையாகச் சில கீறல்கள், கண்ணுக்கு ஒரு குத்து, கீழே புல்லுக்குச் சில குறுங்கோடுகள். இந்தச் சிக்கனத்திலும் காடை எழும்பிப் பறக்கும் வேகம் தெரிகிறது. வயலில் வேட்டைக்காரன் கண்ணில் படுவதும் பறவையின் உருவமும் வேகமும்தானே.

புலினோவில் சுத்தியலுக்கு வேலையில்லை. கூர்முனை உளியை உள்ளங்கையால் தள்ளி, உருப்பெருக்கியின் கீழ் ஆயிரக்கணக்கான புள்ளிகளையும் மயிரிழைக் கோடுகளையும் இடுகிறார்கள். புள்ளிகள் நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். ஓரக்கோடே இல்லாமல் கௌதாரியின் மார்புச் சிறகுகள் அடுக்கடுக்காகத் தெரியும். ஃபிர்மோ ஃப்ரகாசி இதில் பெயர்பெற்றவர். ஒரு துப்பாக்கிக்கே பல மாதங்கள் ஆகக்கூடிய வேலை என்பதால் கலைஞரின் கையொப்பமும் அதில் இடம்பெறுகிறது. பார்க்கர் ஆலையில் உளி பிடித்தவர்களில் பெரும்பாலோரின் பெயரைத் துப்பாக்கி சொல்வதில்லை.

இதை வைத்து, ஒருவர் கைத்திறனில் மேல், மற்றவர் தாழ்வு என்று முடிவுகட்டுவது நியாயமல்ல. வேறுபாட்டின் வேர் உலோகத்தின் மேற்பரப்பில் இருக்கிறது. பார்க்கரின் எஃகு உடலை எலும்புக்கரி, மரக்கரியோடு பொதிந்து சூடேற்றித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். மேல்தோல் இறுகுவதோடு நீலமும் பழுப்பும் வைக்கோல் மஞ்சளும் திட்டுத்திட்டாகப் படரும். செதுக்கு வேலை அதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், அந்த வண்ணக் கலவைக்கு அடியில் நுண்புள்ளிகள் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆழ வெட்டிய கோடுதான் தாக்குப்பிடிக்கும். புலினோ வேலைக்கோ பெரும்பாலும் வெள்ளி நாணயம் போன்ற சாம்பல் நிறப் பரப்பு வாய்க்கிறது. தாளில் பென்சில் நிழல் போல அதில் மெல்லிய வேலையும் எடுபடும்.

முதுமையும் இரண்டுக்கும் ஒன்றல்ல. பத்து இருபது ஆண்டுகள் கைபட்டுத் தேய்ந்தால் பார்க்கரின் வண்ணம் மங்கும். ஆனால் வண்ணத்துக்குள் மறைந்திருந்த பறவை அப்போதுதான் தெளிவாக வெளியே வரும். புலினோவின் ஆழம் மிகக் குறைவு. தொடர்ந்து உரசினால் முதலில் போவது நிழல். நிழல் போனால் பறவையும் போயிற்று. ஆகவே அது பெட்டியில் பத்திரமாக இருக்கவேண்டிய கலை. பார்க்கரின் கோடோ மழையிலும் சேற்றிலும் தூக்கித் திரியும் கருவிக்கானது.

பழைய பார்க்கர் துப்பாக்கிகளை மறுபடி செதுக்கி, உயர்தர வேலையாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அது வேண்டாம் என்பதே என் துணிபு. எளிய கோட்டைக் குறையென்று எண்ணி நிரப்புகிறவர், நூறாண்டுக்கு முன் ஒரு தொழிலாளி தன் உளிக்கும் எஃகுக்கும் ஏற்பக் கண்ட சரியான விடையை அழித்துவிடுகிறார். புலினோவின் அழகைப் புலினோவிலேயே தேடலாம்.