ஆவாரம்பட்டையும் சென்னை மாகாணத்தின் தோல் தொழிலும்

ஆவாரை, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மழை குறைந்த நிலங்களில் தானாக வளரும் புதர்ச்செடி. பெரும்பாலும் ஆள் உயரத்துக்கு மேல் போகாது. கரிசல், செம்மண், சரளை என்று மண்ணைப் பார்க்காமல் முளைக்கும். புதர்க்காடு, வறண்ட இலையுதிர்காட்டின் ஓரம், தரிசு, சாலையோரம் ஆகியவை அதன் இடங்கள். ஆடுமாடுகள் அதன் இலையை அதிகம் மேய்வதில்லை. கிளையை வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். மேய்ச்சலும் விறகுவெட்டும் மிகுந்த நிலத்தில்கூட அது நிலைத்து நிற்க இவ்விரண்டும் காரணம்.

இணையிணையான சிற்றிலைகள், இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற இலையடிச் செதில்கள், கொத்தாகப் பூக்கும் பொன்மஞ்சள் பூக்கள், தட்டையான மெல்லிய காய்கள் ஆகியவை செடியின் அடையாளங்கள். கொன்றையைப் போல இதுவும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. காசியா ஆரிகுலேட்டா என்று 1753-இல் லின்னேயஸ் சூட்டிய பெயர் பின்னர் சென்னா ஆரிகுலேட்டா என்று மாறியது.

சங்க இலக்கியத்தில் இதன் பெயர் ஆவிரை. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் அது இடம்பெறுகிறது. கலித்தொகையில் மடலேறும் தலைவன் எருக்கு, பூளையோடு ஆவிரம்பூவையும் அணிகிறான். கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முந்திய நாள் காப்புக் கட்டும் கொத்தில் வேப்பிலை, பூளைப்பூவுடன் ஆவாரம்பூவும் சேரும். தெலங்கானாவில் பதுகம்மா விழாவின் பூ அடுக்கில் இதற்கு முக்கிய இடம் உண்டு. அம்மாநிலத்தின் அரசு மலரும் இதுவே.

ஆவாரையை உலகச் சந்தையோடு இணைத்தது அதன் பட்டை. பட்டையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு துவர்ப்பொருள் உண்டு. இந்தத் துவர்ப்பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து, அதை அழுகாத பொருளாக மாற்றுகிறது. கிராமங்களில் கிணற்று நீர் இறைக்கும் கவலைக்குத் தேவையான தோலும் செருப்புத் தோலும் பதனிட நெடுங்காலம் பயன்பட்ட இந்தப் பட்டை, 19ஆம் நூற்றாண்டில் ஓர் ஏற்றுமதித் தொழிலுக்கே அடிப்படை ஆயிற்று.

முதலில் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரையும் ஒட்டியிருக்கும் சதையையும் வழித்து எடுப்பர். சுண்ணாம்பு போகக் கழுவிய பின், இடித்த ஆவாரம்பட்டை ஊறிய நீரில் போடுவர். முதலில் ஏற்கெனவே பயன்படுத்திய நீர்த்த சாறு, பிறகு புதிய அடர்ந்த சாறு என்று படிப்படியாக மாற்றுவது முறை. எடுத்த எடுப்பிலேயே அடர்ந்த சாற்றில் போட்டால் மேற்பரப்பு இறுகி, துவர்ப்பு உள்ளே இறங்காது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிர் நிறமாக இருந்தாலும் வெயில் பட்டால் சிவக்கும். அதைத் தடுக்க இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் நனைத்து, எண்ணெய் தடவி உலர்த்தினர். முழு வேலைக்கும் பல வாரங்கள் பிடித்தன.

இப்படிப் பாதி பதனிட்ட மாட்டுத்தோல் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் லண்டனுக்குப் போனது. சாயமும் மெருகும் அங்கே ஏற்றப்பட்டன. கல்கத்தாவிலிருந்து பச்சைத்தோல் பெருமளவில் கப்பலேறிய காலத்தில் சென்னையிலிருந்து பதனிட்ட தோல் கப்பலேறியதற்கு, மாகாணத்தின் வறண்ட மாவட்டங்களில் ஆவாரை மலிவாகக் கிடைத்தது ஒரு முக்கியக் காரணம். சென்னையின் பெரியமேடு தோல் சந்தையாக வளர்ந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, திண்டுக்கல், திருச்சி, ஈரோடு ஆகிய ஊர்களில் ‘தோல் ஷாப்பு’ எனப்பட்ட பதனிடும் கூடங்கள் பெருகின. வணிகத்தில் தமிழ், உருது பேசும் முஸ்லிம் குடும்பங்கள் முன்னணியில் இருந்தன. தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். பட்டை உரித்துக் காயவைத்து விற்பது, மழையை நம்பிய ஊர்களின் ஏழைகளுக்குக் கூடுதல் வருமானம். காடுகளில் பட்டை சேகரிக்கும் உரிமையை வனத்துறை குத்தகைக்கு விட்டது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸுக்கு இந்தத் தோல் தேவைப்பட்டது. அரசே கொள்முதலில் இறங்கியது. பட்டையின் தேவையும் விலையும் ஏறின. பயிரிடாமல் காட்டிலும் தரிசிலும் உரித்தெடுக்கும் பொருளை நினைத்தபோது பெருக்க முடியவில்லை. அந்த இடைவெளியில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட அந்தச் சீகை மரம் அங்கே தோட்டப்பயிர். அதன் பட்டையில் துவர்ப்பொருள் ஆவாரையைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இரு போர்களுக்கும் இடையில் அது ஆவாரையின் இடத்தைப் பெருமளவு பிடித்தது. பின்னர் நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும் வாட்டில் நடப்பட்டு, சோலைப் புல்வெளிகளில் பரவியது.

இன்னொரு போட்டி குரோம் உப்பு. பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் 1903 முதல் சென்னையில் குரோம் பதனீட்டைச் சோதித்தார். வாரங்கள் பிடித்த வேலை அதில் சில நாட்களில் முடிந்தது. பல்லாவரத்தை அடுத்து அமைந்த குரோம் லெதர் கம்பெனியால் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்ததும், குரோம் முறை மேலும் பரவியது.

‘ஈ.ஐ. லெதர்’ (ஈஸ்ட் இந்தியா லெதர்) இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். சிறு அளவில் தொடரும் அந்தத் தொழிலில் வாட்டில் சாறே பெரும்பங்கு வகிக்கிறது. ஆவாரையின் மற்ற பயன்கள் மாறவில்லை: சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கான குடிநீரில் அது சேர்கிறது; காய்ந்த பூ பாசிப்பயறோடு குளியல் பொடியாகிறது; தழை வயலுக்கு உரமாகிறது; இலங்கையில் பூவைக் கொதிக்கவைத்து ரணவரா என்ற பானமாகக் குடிக்கிறார்கள்.