வெள்ளித்திரையில் அவலப் பாத்திரங்கள்

அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காக வகுத்தார். பிறரால் இகழப்படுதல் இளிவு. உயிரையோ உறவையோ இழத்தல் இழவு. முன்னிருந்த நிலையினின்று தாழ்தல் அசைவு. நுகர்தற்கு ஒன்றும் இல்லாமை வறுமை. இந்நான்கனுள் இளிவு முதற்கண் வைக்கப்பட்டிருத்தல் நம்மனோர் எண்ணிப் பார்க்கத்தக்கது. இந்தியத் திரைப்படங்களில் அவலத்தின் உச்சம் எனப் போற்றப்பெறும் பாத்திரங்களை இவற்றைத் துணைக்கொண்டு ஆராயின் ஓர் உண்மை புலனாகும். தாழ்த்தப்பட்ட குலத்தவராகப் படைக்கப்பட்ட பாத்திரங்களின் துன்பம் இளிவில் தொடங்குகின்றது. படம் முடிவதற்குள் அஃது இழவாக மாற்றப்பட்டுவிடுகின்றது. இகழ்ந்தவர் யாவர் என்னும் வினா மறைந்துபோகிறது. இறந்தவளுக்காகச் சிந்தப்படும் கண்ணீர் மட்டுமே எஞ்சுகிறது.

அவலப் பாத்திரம் என்றவுடன் தமிழ் மக்கள் பெரும்பாலோர் தேவதாசையே நினைப்பர். சரத் சந்திரரின் புதினம் 1935இல் வங்கத்திலும், 1953இல் தெலுங்கிலும் தமிழிலும் பேசும்படமாயிற்று. நாகேசுவரராவ் இருமிக்கொண்டே மதுக்கிண்ணத்தை ஏந்திய காட்சிக்கு அழாதார் இலர். ஆயினும் தேவதாசு ஜமீன்தாரின் மகன். வேண்டியபோது பட்டினத்துக்குப் போகவும், வேண்டாதபோது திரும்பவும் அவனால் இயன்றது. அவனுடைய துன்பம் பெரும்பகுதி அவனே தேடிக்கொண்டது. அதனைக் குறை கூறுவதற்கில்லை, கலையில் அதற்கும் இடமுண்டு. நாம் இங்கு நோக்கப் புகுவது, தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாதிருந்தவர்களின் கதை.

தமிழ்த்திரையில் அத்தகையோருள் முதலில் வந்தவர் நந்தனார். 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஆண்வேடம் பூண்டு நந்தனாராக நடித்தார்; அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்டது. 1942இல் ஜெமினி நிறுவனம் தண்டபாணி தேசிகரைக் கொண்டு மீண்டும் எடுத்தது. இவ்விரு படங்களிலும் வரும் வேதியர், சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இல்லாதவர். நாற்பது வேலி நிலத்தை ஓரிரவில் பயிரிட்டு முடி என்று ஆணையிடும் அப்பண்ணையாரைப் படைத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார். புராணத்தில் இல்லாத பண்ணையடிமை முறையைப் பாரதியார் தாம் வாழ்ந்த தஞ்சைத் தரணியில் கண்கூடாகக் கண்டு கதைக்குள் கொணர்ந்தார் எனக் கொள்வதில் தவறில்லை. ஆனால் முடிவை அவரும் மாற்றவில்லை, திரைப்படத்தாரும் மாற்றவில்லை. நந்தனார் தீயில் மூழ்கினார், ஒளியில் கலந்தார். சேக்கிழார் வாக்கிலோ, தீயினின்று முந்நூல் அணிந்த முனிவராய் அவர் எழுகின்றார். எவ்வாறு கூறினும் ஆதனூரிலிருந்து நடந்துவந்த அந்த உடம்போடு அவர் தில்லைக் கோயிலுள் நுழையவில்லை. கொட்டகையில் மக்கள் கைகூப்பினர். ஒரு மனிதன் தீயிற்புகும் காட்சி அவலமாகக் காட்டப்பெறாமல் பேறாகக் காட்டப்பெற்றது; இதனினும் பெரிய அவலம் வேறு யாது? அப்படம் வெளிவந்த 1942ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில்தான் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் அகில இந்திய தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பு தோன்றிற்று.

வடநாட்டில் இதற்குச் சற்று முன்னரே ஒரு கன்னி திரையில் மாண்டாள். 1936இல் பம்பாய் டாக்கீஸ் வெளியிட்ட ‘அச்சூத் கன்யா’வின் தலைவி கஸ்தூரி அவள். நிரஞ்சன் பால் கதை எழுத, ஜெர்மானியரான பிரான்ஸ் ஆஸ்டின் நெறியாள, தேவிகாராணியும் அசோக்குமாரும் நடித்தனர். கஸ்தூரியின் தந்தை துக்கியா, இருப்புப்பாதைக் கடவுக் காவலர். பாம்பு தீண்டிய பிராமண வணிகர் ஒருவரின் புண்ணில் வாய்வைத்து நஞ்சை உறிஞ்சி அவர் உயிரைக் காத்தவர். தீண்டத்தகாதவரின் வாய் அன்று தீண்டிற்று. அதற்கு எத்தீட்டும் இல்லை. அவ்வணிகரின் மகன் பிரதாப்பும் துக்கியாவின் மகள் கஸ்தூரியும் உடன்வளர்ந்து அன்பு பூண்டபோதோ ஊர் கொதித்தெழுந்தது. இருவருக்கும் தத்தம் குலத்திலேயே மணம் முடிக்கப்பட்டது. பின்னர்ப் பொய்யான ஐயத்தால் கஸ்தூரியின் கணவன், கடவருகே அவ்விளைஞனுடன் தண்டவாளத்தில் கட்டிப் புரள்கின்றான். புகைவண்டி வருகின்றது. அதனை நிறுத்தக் கைகளை விரித்து எதிரே ஓடிய கஸ்தூரி அதன்கீழ் மடிகின்றாள். ஆடவர் இருவரும் பிழைக்கின்றனர்.

இக்கதை ஒரு நினைவுக் கதையாகவே படத்தில் கூறப்படுகிறது. அவள் மாண்ட இடத்தில் எழுப்பப்பட்ட சிறு வழிபாட்டிடத்திலிருந்தே படம் தொடங்குகிறது. கொல்லப்பட்டவளைத் தெய்வமாக்கிப் படையலிடும் வழக்கத்தை நம் ஊர்ப்புறங்களில் அறியாதார் யார்? உயிரோடு இருந்தபோது தெருவில் நடக்க விடாதவர்கள், இறந்தபின் விளக்கேற்றுவர்.

படத்தை எடுத்தவர்களின் நன்னோக்கத்தை ஐயுறுவதற்கில்லை. 1936இல் இப்பொருளைத் தொடுவதற்கே துணிவு வேண்டியிருந்தது. ஆனால் அதே ஆண்டில்தான் லாகூரில் நிகழவிருந்த மாநாட்டுக்காக எழுதி, மாநாடு கைவிடப்பட்டமையால் ஆற்றப்படாத தம் பேருரையை அண்ணல் அச்சிட்டு வெளியிட்டார். சாதியை ஒழிக்கும் உண்மையான மருந்து கலப்புமணமே என்று அதில் அவர் கூறியிருந்தார். படம் காதல் வரை வந்தது; மணவறை வரை வரவில்லை. இருவரும் மணந்துகொண்டால் அடுத்த நாள் அவ்வூரில் என்ன நிகழும் என்னும் வினாவுக்கு விடைகூறும் பொறுப்பைப் புகைவண்டி ஏற்றுக்கொண்டது. அவ்விடையை மராத்திப் படமான ‘சைராட்’ எண்பது ஆண்டுகள் கழித்து, 2016இல் கூறியது: மணந்துகொண்ட இருவரும் பெண்ணின் உறவினராலேயே வெட்டப்பட்டுக் கிடக்க, குருதி தோய்ந்த சிற்றடிகளுடன் குழந்தை தெருவில் நடந்து செல்கிறது.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் கேரளத்தில் மீண்டும் ஒரு தண்டவாளம். 1954இல் வெளிவந்த ‘நீலக்குயில்’, உரூபின் கதையைக் கொண்டு பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் இயக்கியது. தேசிய அளவில் பரிசுபெற்ற முதல் மலையாளப் படம். வயலில் உழைக்கும் நீலி, மழை பெய்த ஓரிரவில் பள்ளி ஆசிரியர் ஸ்ரீதரன் நாயரின் வீட்டில் ஒதுங்குகின்றாள். அவள் கருவுற்றதை அறிந்தும் சாதிக்கஞ்சி அவளை ஏற்க மறுக்கின்றார் ஆசிரியர். பெற்ற தந்தையும் துரத்துகின்றார். பின்னர் இருப்புப்பாதையருகே நீலியின் உடலும், அதனருகே உயிருள்ள சிசுவும் கிடக்கக் காண்கின்றனர். அஞ்சற்காரர் சங்கரன் நாயர் அச்சிசுவை எடுத்து வளர்க்கின்றார்; முடிவில் ஆசிரியர் மனந்திருந்தி மகனை ஏற்கின்றார்.

இப்படத்தில் பாராட்டத்தக்கவை பல உள. கல்வி கற்பித்தவரே கோழையாக நின்றார் என்பதை மறைக்காமல் காட்டியது அவற்றுள் ஒன்று. கல்விப்பணி புரியும் சங்கத்தின் மலரில் இதனைக் குறிப்பிடாமற் செல்வது முறையன்று. ஆயினும் ஆசிரியர் திருந்துவதற்கு நீலி இறக்க வேண்டியிருந்தது. அவள் உயிரோடு வந்து தம் மகனைக் கையில் ஏந்தி வகுப்பறை வாயிலில் நின்றிருந்தால் அவர் யாது செய்திருப்பார்? அக்காட்சியை எழுத ஒருவரும் முன்வரவில்லை.

இங்கே வேறொரு செய்தியையும் கூறுதல் வேண்டும். கஸ்தூரியாக நடித்த தேவிகாராணி இங்கிலாந்தில் பயின்றவர். கவி தாகூரின் உறவுக்குடும்பத்தில் பிறந்தவர். 1959இல் பிமல்ராயின் ‘சுஜாதா’வில் தீண்டாக் குலத்து அனாதைப் பெண்ணாக நடித்த நூதன் உயர் விருது பெற்றார். (அப்படத்தில் நாயகி இறக்கவில்லை, வளர்ப்புத் தாய்க்குக் குருதி ஈந்த பின்னரே அவ்வீட்டில் மகளாக ஏற்கப்படுகிறாள். உயிருக்கு மாற்றாகக் குருதி.) இவர்கள் நடிப்பாற்றலில் குறை காண்பதற்கில்லை. ஆனால் இதற்கு நேர்மாறாக, தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் ஒருத்தி உயர்குலத்துப் பெண்ணாக நடித்தபோது நிகழ்ந்தது என்ன? ஜே. சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படமான ‘விகதகுமாரன்’ என்னும் ஊமைப்படத்தில் நாயர் குலப் பெண்ணாக நடித்தவர் பி. கே. ரோசி. திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது, புலையர் குலத்துப் பெண் நாயர் பெண்ணாகத் தோன்றுவதோ எனச் சினந்த கூட்டம் திரைமீது கல்லெறிந்தது. அவருடைய குடிலும் கொளுத்தப்பட்டது என்பர். ஊரைவிட்டு ஓடிய ரோசி நாகர்கோவிலில், இராஜம்மாள் என்னும் பெயரில், தாம் நடிகையாயிருந்ததை வெளிக்காட்டாமல் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். அப்படச் சுருள் இன்று இல்லை. டேனியல், ரோசி ஆகியோர் வாழ்வைத் தழுவி 2013இல் ‘செல்லுலாயிட்’ என்னும் மலையாளப் படம் எடுக்கப்பட்டது. திரையினின்று துரத்தப்பட்டவர் முடிவில் ஓர் அவலப் பாத்திரமாகத் திரைக்குள் கொணரப்பட்டார்.

இளிவை இழவாக மாற்றாமல், இளிவாகவே காட்டிய படம் ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின் சத்யஜித் ராய் 1981இல் தூர்தர்ஷனுக்காக எடுத்த ‘சத்கதி’யையே சுட்டுவேன். பிரேம்சந்தின் சிறுகதையைத் தழுவிய, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான சிறுபடம் அது. தோல் பதனிடும் குலத்தவனான துக்கி, மகளின் மணவுறுதிக்கு நாள் குறிக்க வேண்டிப் பிராமணரின் வீட்டுக்குச் செல்கின்றான். காய்ச்சலினின்று எழுந்தவன், வயிற்றில் உணவில்லை. நாள் குறிப்பதற்கு முன் வாயிலைப் பெருக்கு, உமி மூட்டையைச் சும, இந்தக் கட்டையைப் பிள என்று ஏவப்படுகின்றான். கட்டையோ கணுக்கள் நிறைந்த முரட்டுக் கட்டை. வெட்டி வெட்டி முடிவில் அதன் அருகிலேயே விழுந்து இறக்கின்றான். ஓம் பூரி துக்கியாகவும், ஸ்மிதா பாட்டீல் அவன் மனைவி ஜுரியாவாகவும், மோகன் ஆகாஷே பிராமணராகவும் நடித்தனர்.

படத்தின் கொடுமை துக்கியின் சாவில் இல்லை; சாவுக்குப் பின் வருவதில் உள்ளது. பிணம் கிணற்றுக்குச் செல்லும் வழியில் கிடப்பதால் அக்கிரகாரத்துக்குத் தண்ணீர் இல்லை. துக்கியின் இனத்தார் பிணத்தை எடுக்க மறுத்துவிடுகின்றனர். மழையில் ஜுரியா வந்து கதறுகிறாள், கதவு திறக்கவில்லை. விடியுமுன் பிராமணர், கையால் தொட அஞ்சி, கோலால் பிணத்தின் காலை உயர்த்திக் கயிற்றுச் சுருக்கை மாட்டி, விலங்குகளின் எலும்புகள் கிடக்கும் வெளிவரை தாமே இழுத்துச் செல்கின்றார். திரும்பிவந்து புனித நீர் தெளிக்கின்றார். பார்ப்பவர் அழுது ஆறுதல் பெறுவதற்கு ராய் இடந்தரவில்லை. இப்படத்தில் பிராமணர் திருந்துவதும் இல்லை. துக்கி இறந்ததால் எவரும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. நற்கதி என்னும் பொருளுடைய பெயரைப் பிரேம்சந்த் தம் கதைக்குச் சூட்டியதன் கசப்பு அப்போதுதான் விளங்குகிறது.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். 1936இன் தந்தை துக்கியா. 1981இன் தந்தை துக்கி. துன்பமே பெயராக இட்டு அழைக்கப்பட்டவர்கள் இவ்விருவரும். நாற்பத்தைந்து ஆண்டுகளில் தொழில் மாறிற்று, கதை மாறிற்று, பெயர் மாறவில்லை.

மாற்றம், எழுதுகோலும் ஒளிப்படக் கருவியும் கைமாறியபோது வந்தது. 2013இல் நாகராஜ் மஞ்சுளே மராத்தியில் எடுத்த ‘ஃபன்றி’யில் பன்றி பிடிக்கும் குடும்பத்துச் சிறுவன் ஜப்யா, தன் பள்ளித் தோழர்களும் தான் விரும்பும் சிறுமியும் வேடிக்கை பார்க்கப் பன்றி துரத்த நேர்கிறது. நாட்டுப்பண் ஒலிக்கும்போது அக்குடும்பம் அசையாது நிற்கிறது. பிடிபடவிருந்த பன்றி தப்பிவிடுகிறது. பின்னர்ப் பிடித்த பன்றியைக் கழியில் கட்டிச் சுமந்து, அம்பேத்கரும் புலேயும் தீட்டப்பட்ட சுவரைக் கடந்து செல்கின்றனர். இளிவு அதன் முழு அளவில் இங்கே நிற்கிறது. ஆனால் ஜப்யா இறக்கவில்லை. ஏளனம் செய்தவனை நோக்கிக் கல்லெறிகிறான். அக்கல் பார்வையாளரை நோக்கியே வந்து படம் முடிகிறது. ரோசியின் உருவத்தின்மீது எறியப்பட்ட கல்லை இங்கு நினைக்காமல் இருக்க இயலவில்லை.

தமிழில் 2018இல் மாரி செல்வராஜ் இயக்கிய ‘பரியேறும் பெருமாள்’ மீண்டும் தண்டவாளத்தில்தான் தொடங்குகிறது. கருப்பி என்னும் வேட்டைநாய் இருப்புப்பாதையில் கட்டப்பட்டு வண்டியேறிச் சாகிறது. இது வெறும் கற்பனை உவமை எனத் தள்ளுவதற்கில்லை. 2013இல் தருமபுரியிலும், 2015இல் நாமக்கல் மாவட்டத்திலும் வேற்றுச் சாதிப் பெண்ணோடு பழகிய அல்லது மணந்த நம் இளைஞர் இருவரின் உடல்கள் இருப்புப்பாதையோரம் கிடந்தன. இரண்டாம் வழக்கில் கொலை உறுதிசெய்யப்பட்டு 2022இல் மதுரை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. கஸ்தூரியும் நீலியும் மாண்ட இடம் கதாசிரியரின் வசதிக்காக மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று இனியும் கூறவியலுமா? கொலையைத் தற்கொலையாகவோ விபத்தாகவோ காட்ட அவ்விடத்தைவிட எளிய இடம் வேறில்லை.

நெல்லைச் சட்டக்கல்லூரி மாணவனான பரியனையும் அடித்து, மயங்கிய நிலையில் தண்டவாளத்தில் கிடத்துகின்றனர். 1936இலிருந்து வரும் வழக்கப்படி அவன் அங்கே இறந்திருக்க வேண்டும். ஊர் திருந்தியிருக்க வேண்டும். அவன் எழுந்துவிடுகிறான். தன்னை இகழ்ந்தவர்களை, பெண்ணின் தந்தையை, நேர்நின்று கேள்வி கேட்கிறான். கதை முடியும்போது அவனும் அத்தந்தையும் பேசி நீங்கிய மேசையில் இரண்டு தேநீர்க் குவளைகள் இருக்கின்றன, இடையில் ஒரு மல்லிகைப் பூ. தேநீர்க்கடைகளில் இரட்டைக் குவளையைக் கண்டு வளர்ந்த நம்மவர்க்கு அக்காட்சியை எவரும் விளக்க வேண்டியதில்லை.