களத்துப் பங்கும் கூடைப் பங்கும்

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வத்தை அடுத்து உணவை வைக்கிறது. மரமும் பறையும் தொழிலும் அதன் பின்னரே வருகின்றன. ஒரு நிலத்து மாந்தர் யார் என்று அறிய அவர்கள் உண்பது என்ன என்று கேட்டால் போதும் என்பது நம் முன்னோர் கொள்கை. பெரும்பாணாற்றுப்படையின் பாணன் நிலத்திற்கு நிலம் வேறுபட்ட உணவைப் பெறுகிறான். அந்தந்த நிலம் தருவதையே அந்தந்த மக்கள் அவனுக்குத் தருகிறார்கள். விளைந்த இடத்திலேயே, விளைந்த பருவத்திலேயே உண்பது அன்று ஒரு கொள்கையாக இருக்கவில்லை. வேறு வழி இல்லை என்பதனாலேயே அது வாழ்க்கையாக இருந்தது.

இன்று அது மீண்டும் ஒரு கொள்கையாகப் பேசப்படுகிறது. ஒரு வட்டாரத்து நுகர்வோர் சிலர் கூடி, பருவம் தொடங்குமுன்பே உழவர் ஒருவருக்கு முன்பணம் கொடுத்துவிடுவர். பின்னர் வாரந்தோறும் அந்நிலத்தில் விளைந்ததில் தம் பங்கைக் கூடையில் பெற்றுக்கொள்வர். இது மேலைநாட்டு இறக்குமதி என்பார் உளர். நம் களத்துமேட்டில் என்றோ இருந்ததுதான் என்பாரும் உளர். இரண்டும் பாதி உண்மைகளே. மீதிப் பாதியைக் காண நாம் சித்தையன்கோட்டைக்குச் செல்லலாம்.

திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, செம்பட்டிக்கு அண்மையில், ஆத்தூர் வட்டத்தில் அமைந்த பேரூராட்சி இது. மேற்கே கீழ்ப்பழனி மலை. அதன் அடிவாரத்தில் காமராஜர் நீர்த்தேக்கம். அங்கிருந்து குடகனாற்று நீர் வாய்க்கால்களிலும் குளங்களிலும் பிரிந்து நெல்லையும் தென்னையையும் வளர்க்கிறது. வாய்க்கால் எட்டாத மேட்டில் சோளமும் கடலையும் மொச்சையும். சற்றே மலையேறினால் காப்பியும் மிளகும் மலைவாழையும். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் ஒருநாள் நடைக்குள் அடங்கிய நிலம் இது. நூல்களில் நாம் தனித்தனியே படிக்கும் திணைகள் இங்கே ஒரே சந்தையில் வந்து கூடின.

இவ்வட்டாரத்துக்கு ஓர் உணவு நாட்காட்டி உண்டு. தைக்குப் பச்சை மொச்சையும் அவரையும் சர்க்கரைவள்ளியும் பனங்கிழங்கும். மாசி பங்குனியில் நத்தத்துப் புதுப்புளி. சித்திரை வைகாசியில் நுங்கும் மாம்பழமும். ஆடி பிறக்கும் வேளையில் நாவற்பழம். அதன் பின் பனம்பழம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி, சிறுமலை ஆகியவற்றின் மலைவாழை சிறந்தது எனக் கொள்ளப்பட்டதும் இந்த நாட்காட்டியின் நீட்சியே. 1970களில் முடிக்கொத்து நோய் சிறுமலை வாழையை ஏறத்தாழ அழித்தது. புவிசார் குறியீடு அதற்குக் கிடைத்தது 2008ஆம் ஆண்டில்தான். ஒரு நிலத்தின் உணவு ஒரு தலைமுறைக்குள் இல்லாமற்போகக் கூடும் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று அது.

பருவத்தில் உண்டார்கள், சரி. பங்கிட்டு உண்டார்களா? இங்கேதான் களத்துமேட்டுக்கு வருகிறோம். சூடடித்துத் தூற்றிய நெல் பொலியாகக் குவிக்கப்படும். அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்வதில்லை. 'லாபம்' என்றே தொடங்குவார். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அந்தப் பொலி நிலமுடையவர் வீட்டுக்குப் போகுமுன்பே அதில் பலருக்கும் பங்கு உண்டு. கோயிலுக்கு, நீர்பாய்ச்சிக்கு, கொல்லருக்கு, தச்சருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, காவல்காரருக்கு, கணக்கருக்கு என்று அது பிரியும். அறுத்தவருக்கும் அடித்தவருக்கும் கூலியும் அந்த நெல்தான்.

இந்தப் பங்குகளைப் பழைய வருவாய் ஆவணங்கள் 'மேரை' என்றும் 'சுதந்திரம்' என்றும் குறிக்கின்றன. பின்னாளில் ஒரு தேசத்தின் விடுதலைக்குப் பெயராக அமைந்த சொல், அன்று ஒரு மனிதன் களத்தில் உரிமையோடு பெறும் நெல்லுக்குப் பெயராக இருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. செங்கற்பட்டுப் பகுதியில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் ஏறக்குறைய 2000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அக்கணக்குகளும் அவற்றுக்கு மூலமான தமிழ் ஓலைகளும், விளைச்சலில் கணிசமான பகுதி இவ்வாறு ஊரின் பணியாளர்க்கும் நிறுவனங்களுக்கும் பிரிந்ததைக் காட்டுகின்றன. தரம்பாலின் எழுத்துகளைப் படித்தோர் இதனை அறிவர்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி எது? பங்கு என்பது குறிப்பிட்ட தொகை அன்று. விளைந்ததில் ஒரு விகிதம். மழை பெய்து பொலி உயர்ந்தால் குயவரின் பங்கும் உயரும். பொய்த்தால் எல்லாருடைய பங்கும் சுருங்கும். உழவர் ஒருவர் மட்டும் தனித்து மூழ்குவதில்லை. தமிழில் பங்கு என்ற சொல் ஆதாயத்துக்கும் நட்டத்துக்கும் பொதுவாக நிற்பது இதனால்தான் போலும்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் அது வரலாறு ஆகாது, பழம்பெருமை ஆகிவிடும். களத்தில் அனைவருக்கும் பங்கு இருந்தது. ஆனால் அனைவரும் ஒரே இடத்தில் நின்று அதைப் பெறவில்லை. யார் அருகில் நிற்பது, யார் தொலைவில் நிற்பது, யாருக்கு முதல் மரக்கால், யாருக்குக் களத்தின் அடியில் மண்ணோடு கூட்டி அள்ளிய நெல் என்பதையெல்லாம் சாதியே முடிவு செய்தது. பள்ளு நூல்கள் நெல் வகைகளின் பெயர்களை வாய்மணக்கச் சொல்கின்றன. அதே நூல்களில்தான் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டி வதைக்கும் காட்சியும் வருகிறது. நெல்லின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு தொழுமரத்தை விட்டுவிட நமக்கு உரிமை இல்லை.

படி நெல் எவ்வளவு பெரிய செய்தி என்பதைத் தஞ்சை மண் 1968இல் சொன்னது. அறுவடைக் கூலியாகச் சற்றே கூடுதல் நெல் கேட்டெழுந்த உழவுத் தொழிலாளர் போராட்டத்தின் முடிவில், அவ்வாண்டு டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' அந்த நெருப்பிலிருந்து பிறந்த நாவல். களத்துப் பங்கைப் பற்றிப் பேசும் எவரும் வெண்மணியைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

அந்த ஏற்பாடு எவ்வாறு கரைந்தது? திண்டுக்கல் சீமை 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஹர்டிஸ் கலெக்டராக இருந்த காலத்தில் நிலம் அளக்கப்பட்டுத் தீர்வை விதிக்கப்பட்டது. விளைச்சலில் விகிதம் என்பது மறைந்து, விளைந்தாலும் விளையாவிட்டாலும் பணமாகக் கட்டவேண்டிய தொகை வந்தது. 1864ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஊர்ப்பணியாளர்க்கு உரிய மேரைக்குப் பதிலாகப் பணவரி வாங்க வழி செய்தது. 1966இல் வெளியான ஐ.ஆர்.8 போன்ற குறுகிய கால நெல் இனங்கள், உரம், எந்திரக் கலப்பை ஆகியன வந்தபின் கொல்லரும் தச்சரும் களத்துக்கு வருவதற்கான காரணமும் போயிற்று.

இந்தக் கரைதலை இழப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கம் ஏன் அவ்வளவு தூரம் எட்டியது என்று சிந்திக்க வேண்டும். நியாயவிலைக் கடையின் அரிசி கூலித் தொழிலாளியைப் பண்ணையாரின் குதிரிலிருந்து விடுவித்தது. 2011 ஜூன் முதல் அது விலையின்றியும் கிடைக்கிறது. குடும்ப அட்டையைக் காட்டி அரிசி வாங்கும் பெண் யார் முன்னும் முந்தானை ஏந்தி நிற்க வேண்டியதில்லை. இதைப் பெரும் பேறு என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் ஒன்று நடந்தது. பணிந்து நிற்றல் குறைந்தபோதே பங்கும் மறைந்தது. நட்டம் முழுவதும் உழவர் ஒருவர் தலையில் இறங்கியது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை இதற்கு நாள்தோறும் சாட்சி. அங்கிருந்து கேரளத்துக்குக் காய்கறி போகிறது. ஓணம் வந்தால் விலை ஏறும். வரத்து மிகுந்தால் பறிகூலிக்கும் தேறாது. தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பும் உழவரைப் பற்றிய செய்தியை நாளிதழில் நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! நல்ல விளைச்சலே நட்டமாகும் விந்தை களத்துமேட்டுக் காலத்தில் இருந்ததில்லை.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பஞ்சாபில் 1987இல் தொடங்கிய 'அப்னி மண்டி' அதன் முன்னோடி. இடைத்தரகர் விலகினார், உழவரும் உண்பவரும் முகம் பார்த்தனர். அது நல்ல தொடக்கம். எனினும் அங்கும் நாம் வாங்குவோரே; பங்காளிகள் அல்லர். விளைந்தால் வாங்குவோம், விளையாவிட்டால் அடுத்த கடைக்குப் போவோம்.

கடல் கடந்த நாடுகளில் இதே சிக்கலை வேறு வழியில் அணுகினர். 1965இல் டோக்கியோ நகரத்துப் பெண்கள் சிலர் கூடிப் பால் வாங்கத் தொடங்கியது செய்கட்சு என்ற பெரும் கூட்டுறவாக வளர்ந்தது. மினமாட்டாவின் பாதரச நச்சு ஜப்பானியரை உலுக்கிய காலம் அது. 1971இல் அங்கே இயற்கை வேளாண் சங்கம் தோன்றியது. உழவரும் உண்பவரும் நேரடியாகக் கைகோக்கும் 'தெய்கெய்' முறைக்கு 1978இல் பத்து நெறிகள் வகுக்கப்பட்டன. விளைந்தது எதுவாயினும் அதை ஏற்றுக்கொள்வது அவற்றுள் ஒன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களின் இரு பண்ணைகள் 1986இல் முன்பணப் பங்கு முறையைத் தொடங்கின. அதற்கும் முன்பே, அலபாமாவின் டஸ்கீகி பல்கலைக்கழகத்துக் கறுப்பினப் பேராசிரியர் புக்கர் வாட்லி, சிறு உழவர் பிழைக்க உறுப்பினர் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர் கழகம் வேண்டும் என்று வற்புறுத்தி வந்தார். அடிமைத்தளையின் நினைவு ஆறாத மண்ணில் அந்த எண்ணம் எழுந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமான விடை தெலங்கானாவின் ஜாகீராபாத் பகுதியில் கிடைக்கிறது. 1983இல் தொடங்கிய தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் தலித்துகள். 1990களின் நடுவில் அவர்கள் தரிசாகக் கிடந்த நிலங்களில் சோளம் விளைவிக்க முன்பணம் கொடுத்தனர். கடனைப் பணமாக அன்றித் தானியமாகவே திரும்பப் பெற்றனர். அதை ஊரிலேயே சேமித்தனர். பஞ்ச மாதங்களில் யாருக்கு எவ்வளவு என்பதை ஊர்ப்பெண்களே கூடி, ஏழ்மையின் படிநிலை பார்த்து முடிவு செய்தனர். மிக ஏழைக்கு மிகுதியான பங்கு. 2019இல் இவ்வமைப்புக்கு ஐக்கிய நாடுகளின் பூமத்தியரேகைப் பரிசு கிடைத்தது. பரிசை விடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. களத்தின் கடைசியில் நிறுத்தப்பட்டவர்கள் இப்போது மரக்காலைக் கையில் பிடித்திருக்கிறார்கள். பங்கு நிலைத்தது, தொழுமரம் போயிற்று.

இதற்கான மனப்பாங்கு நம் ஊர்களில் அடியோடு அற்றுவிடவில்லை. இஸ்லாமியக் குடும்பங்கள் கணிசமாக வாழும் ஊர் சித்தையன்கோட்டை. ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சிக்குச் செல்வரும் ஏழையும் ஒரே கொப்பரையைத்தான் நாடுகின்றனர். பிற சமயத்தவர் வீட்டுப் பாத்திரங்களும் அங்கே வந்து நிறைவது தமிழகமெங்கும் காணும் காட்சி. விளைச்சலுக்கான ஜகாத்தில் ஒரு நுண்மையும் உண்டு. மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. பாடுபட்டு நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. உழவரின் உழைப்பைப் பங்கின் கணக்கிலேயே சேர்த்துவிட்ட நெறி இது. வள்ளுவரும் பகுத்துண்ணுதலைக் கொல்லாமை அதிகாரத்திலும் வைத்தார். பகிராது உண்பது ஓர் உயிரைக் கொல்வதற்கு நிகர் என்று அவர் கருதினார் என்றே நாம் பொருள் கொள்கிறோம்.

ஆகவே கூடைப் பங்கு நம் மண்ணில் வேரூன்ற வேண்டுமாயின், களத்திலிருந்து எதை எடுப்பது, எதைப் புதைப்பது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். விகிதத்தை எடுப்போம்; வரிசையைப் புதைப்போம். கூடைக்கான விலையில் நாற்று நட்ட பெண்ணின் கூலியும் அடங்கியிருக்க வேண்டும். அந்தக் கணக்கு அனைவரும் பார்க்கத் திறந்திருக்க வேண்டும். அவளும் அந்தக் கூடையின் பங்குதாரர் ஆகும் வழி இருக்க வேண்டும். இல்லையேல் அது வசதி படைத்தோர் வீட்டுக்கு நல்ல காய்கறி சேர்க்கும் இன்னொரு கடையாகவே முடியும்.

எஞ்சியது நம் பக்கத்துக் கடமை. இதைப் படிக்கும் நம்மில் பலர் மாதச் சம்பளக்காரர்கள். குடகனாற்றில் நீர் வந்தாலும் வராவிட்டாலும் முதல் தேதியில் நமக்குப் பணம் வந்துவிடும். தையில் மொச்சை நிறைந்த கூடையை மகிழ்ந்து வாங்குவது எளிது. மழை பொய்த்த ஆண்டில், கொடுத்த முன்பணத்துக்குக் கால் கூடை மட்டுமே வரும்போதும் மறுபருவத்துக்கு மீண்டும் பணம் கட்டுவதே பங்கு. அதற்கு நாம் ஆயத்தமா என்பதைப் பொறுத்ததே மற்றவை எல்லாம்.