பௌதிகவியலின் முதற்பாடமும் தமிழ்ச் சொல்லும்

பல்கலைக்கழகத்திலே பௌதிகவியலைப் புதிதாகப் பயிலப் புகும் மாணவனுக்கு இடர் விளைப்பது கணிதமே என்பர். தமிழ் மாணவனுக்கோ சொல்லும் அதற்குக் குறையாத இடரை விளைத்து வந்துள்ளது.

ஈழத்தில் இத்துறையின் உயர்கல்விக்கு 1823இல் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடக்கமெனக் கொள்ளலாம். டானியல் பூர் முதல்வராயிருந்த அந்நிலையத்தில் இயற்கைத் தத்துவமும் வானசாத்திரமும் பயிற்றப்பட்டன. 1855இல் அது மூடப்பட்டது. 1921இல் தோன்றிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பட்டத்திற்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942இல் அதுவே இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே பௌதிகவியற் பேராசிரியராய் விளங்கியவர் ஏ. டபிள்யூ. மயில்வாகனம் அவர்கள். 1961இல் பேராதனையில் விஞ்ஞான பீடம் அமைந்த பின்னரே மாத்தளை மாணவனுக்கு அக்கல்வி அண்மையிற் கிட்டிற்று. எனினும் பாடசாலையில் தமிழிற் கற்றவன் அங்கு ஆங்கிலத்திலேயே கற்கவேண்டியிருந்தது, இன்றும் அந்நிலையே.

மயில்வாகனம் என்னும் பிள்ளைப்பெயர் பூண்ட இன்னொருவரையும் ஈண்டு நினைதல் தகும். அவர் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்று, விஞ்ஞானம் கற்பித்த அடிகள், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். அச்சொற்றொகுதி 1938இல் வெளிவந்தது.

ஆயினும் பிற்காலத்தில் ஈழமும் தமிழ்நாடும் வெவ்வேறு வழிச் சென்றன. நாம் பௌதிகவியல் என்பதை அவர்கள் இயற்பியல் என்பர். நம் ஆர்முடுகல் அவர்களுக்கு முடுக்கம். நம் வலு அவர்களுக்குத் திறன். இவை வெறும் பெயர் வேற்றுமைகள், பழகினால் தீரும். தீராத மயக்கம் 'நிறை' என்னும் சொல்லில் உள்ளது. பொருளிலே அடங்கிய சடத்தின் அளவை நாம் திணிவு என்கிறோம். அதனைப் புவி ஈர்க்கும் விசையே நமக்கு நிறை. தமிழ்நாட்டு நூல்களிலோ நிறை என்பது திணிவு. ஈர்ப்பு விசை எடை எனப்படும். ஒரு கிலோகிராம் திணிவின் நிறை ஏறத்தாழ 9.8 நியூற்றன் என்று இங்கு கற்றவன், 'நிறை ஒரு கிலோகிராம்' என்று அங்கு அச்சான நூலிற் காணின் என் செய்வான்? நியூற்றனின் இரண்டாம் விதியே அவனுக்குப் புதிராகிவிடும். ஒரே சொல் இரு கணியங்களைக் குறிப்பதிலும், ஒரு கணியத்துக்குப் பத்துச் சொல் இருப்பது நன்று என்பது என் துணிபு.

சொல்லினும் பொருள் தெளிவாக விளங்குமிடம் நம் மாவட்டத்திலேயே உண்டு. ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்பன் காலத்தில் அமைந்த சீகிரியா நீர்ப்பூங்காவில், துளையிட்ட சுண்ணக்கற் பலகைகளினூடே நீர் எழுகின்றது. நல்ல மழைக்குப் பின் இன்றும் அதனைக் காணலாம். பொறி யாதுமில்லை, உயர்ந்த மட்டத்திலுள்ள நீர் நிலக்கீழ்க் கால்வாய் வழியே இறங்கித் தரும் அமுக்கமே காரணம். எழும் நீர் தன் ஊற்றின் மட்டத்தைக் கடவாது. உராய்வினாற் சிறிது குறைந்தே நிற்கும். அமுக்கம் என நாமும் அழுத்தம் எனத் தமிழ்நாட்டாரும் வழங்கும் கணியத்தை விளக்க, மாத்தளை ஆசிரியர் வேறு கருவி தேடவேண்டியதில்லை.