பொறி வரைபும் உழைப்பாளர் அறிவும்: பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் பற்றிய ஒரு நோக்கு

தொழினுட்ப வரைபின் வரலாறு, கைவினை அறிவு யார் வசமிருந்தது என்னும் வினாவின் வரலாறுமாகும். 1751 முதல் 1772 வரை 28 தொகுதிகளாக வெளிவந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அவற்றுள் 11 படத்தொகுதிகள்.

காலுறை பின்னும் பொறி பற்றிய கட்டுரையைப் பதிப்பாசிரியர் டிதரோவே எழுதினார். பொறியை முழுமையாக மட்டும் வரைந்தால் உறுப்புகள் ஒன்றையொன்று மறைக்கும். தனித்தனியே மட்டும் வரைந்தால் இயக்கம் புலப்படாது. ஆகவே தனியுறுப்புகள், அவை படிப்படியாகப் பொருந்தும் நிலைகள், முழுப் பொறி எனப் பல தோற்றங்கள் தரப்பட்டன. எழுத்துகளும் எண்களும் படங்களை விளக்கவுரையோடு பிணைத்தன. ஓருறுப்பு படத்துக்குப் படம் வேறு பெயர் பெறின் இப்பிணைப்பு அறுந்துவிடும். இன்றைய கணினி வரைபுகளில் எல்லாத் தோற்றங்களுக்கும் ஒரே உறுப்புப் பட்டியல் வேண்டப்படுவதும் இக்காரணம் பற்றியே.

இவ்வொழுங்கு ஏட்டறிவால் மட்டும் விளைந்ததன்று. பரா என்னும் தொழிலாளர் டிதரோவின் முன்னிலையில் அப்பொறியைப் பலமுறை பூட்டியும் பிரித்தும் காட்டியதை, டலம்பேர் 1751இல் எழுதிய முன்னுரை குறிப்பிடுகின்றது. படிப்படியான அத்தோற்றங்களில் நாம் காண்பது அவர் கைகளின் அறிவையே. உறுப்புகளுக்கு நீண்ட பட்டியல் கிடைத்தது. அவருக்கோ ஒரு வரியே கிடைத்தது. அவ்வரியிலிருந்தே தொழினுட்ப வரலாற்றை நாம் மீள எழுதத் தொடங்குதல் வேண்டும்.