விருந்து மண்டபமும் கிளிஞ்சற் சுண்ணமும்

சிறுபாணாற்றுப்படை போற்றும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என ஆய்வாளர் கொள்வர். மதிலின் பெயர் தாங்கிய அப்பட்டினத்தில் பாணர்க்கு விருந்து உண்டு. மண்டபம் பற்றிய பேச்சு இல்லை. நுளைமகளிர் வடித்த தேறலும் சுட்ட உலர்மீனும் மனைதோறும் கிடைக்கும் என்றே புலவர் வழிகாட்டுகிறார்.

மண்டபமே விருந்தினும் பெரிதாகிய காலம் பிற்பாடு வந்தது. ஆளுநர் எட்வர்டு கிளைவுக்காக வானியலறிஞர் கோல்டிங்காம் வடிவமைத்த சென்னை விருந்து மண்டபம் 1802-இல் நிறைவெய்தியது. புறத்தே பிளாசி, சீரங்கப்பட்டினம் ஆகிய போர்களின் வெற்றிச் சின்னங்கள். அகத்தே 120 அடி நீளக் கூடமும் வெண்தூண் வரிசையும். 1948-இல் இராஜாஜி மண்டபமான இதன் படிகளின் கீழ்தான் 1969-இல் அண்ணாவுக்கு இறுதி வணக்கம் செலுத்த மக்கள் திரண்டனர்.

சென்னைத் தூண்களின் அவ்வெண்மையைப் பளிங்கென மயங்கிய பயணியர் பலர். உண்மையில் அது கழிமுகக் கிளிஞ்சல். கிளிஞ்சலைக் கழுவிச் சூளையில் நீற்றுவர். வெல்லநீரும் ஆற்றுமணலும் சேர்த்து முதற்பூச்சு. அதன்மேல் நயமான இரண்டாம் பூச்சு. இறுதிப் பூச்சுக்கு நீற்றை வெண்ணெய்போல் அரைத்து, முட்டை வெண்கரு, தயிர், நெய், மாக்கற்பொடி கலப்பர். விருந்தினர் வருமுன்பே சுவர் உண்டுவிட்டது போலும்! ஈரம் காயுமுன் வழுவழுப்பான கல்லால் நெடுநேரம் தேய்ப்பர். பின்னர்ச் சில நாள் சுவர் வியர்க்கும். அதைத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். கோல்டிங்காமின் பெயர் நிலைத்தது; தேய்த்த கைகளின் பெயர் நமக்கு எட்டவில்லை.

கிளிஞ்சலைக் கழுவுவதில் ஒரு நுட்பம் உண்டு. உப்பு எஞ்சினால் ஈரத்தில் கரைந்து சுவரின் மேற்பரப்பில் படிகமாகிக் காரையை உதிர்க்கும். 'உப்புப் பூத்தல்' என்பது வழக்கு. பாத்தியில் உப்புப் பூத்தால் உப்பளத்தார்க்கு வாழ்வு; சுவரில் பூத்தால் கொத்தனார்க்கு இழுக்கு.

மரக்காணத்திற்கு வடக்கே ஆலம்பரைக் கோட்டையில், மெருகு ஏதுமின்றி, செங்கல்லுக்கிடையே அச்சுண்ணக் காரையை இன்றும் காணலாம். 1750-இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1760-இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட கோட்டை அது. பீரங்கி எஞ்சவிட்டதைச் சிமெண்டு எஞ்சவிடாது. சுண்ணச் சுவர்மேல் சிமெண்டு பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் தேங்கும். உப்பு பூச்சுக்குப் பின்னே திரண்டு பழைய காரையைப் பெயர்க்கும். கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்போர் பலர் இன்றும் முதலில் தேடுவது சிமெண்டு மூட்டையைத்தான்.